படிக்கப் படிக்கத் தலை சுற்றும் பாட்டு

என் மதினி மாரிசெல்வியின் கைவேலையைச் சங்கரன்கோவிலில் பாதி வீடுகளில் பார்க்கலாம். பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வடிவமைப்பது அவள்தான். ஆள் யாரென்றுதான் யாருக்கும் தெரியாது.

கடையில் கூட்டமில்லாத நேரம் அவளுக்கு ஒரு கிறுக்கு பிடிக்கும். பிள்ளைகளுக்குப் பாட்டு எழுதுவாள். எதைப் பற்றிய பாட்டோ, அதன் உருவத்திலேயே எழுதுவாள். புடலங்காய்ப் பாட்டு ஒவ்வோர் எழுத்தாக மேலிருந்து கீழே தொங்கும். காய் கோணாமலிருக்க நுனியில் கல் கட்டுவோமே, அதுவும் கடைசியில் ‘கல்லு’ என்று தொங்கும். காலை நேரத்து ராஜபாளையம் பஸ் இப்படி:

உள்ளபோஉள்ளபோஉள்ளபோஉள்ளபோ
உள்ளபோஎன்செருப்பஎங்கஉள்ளபோ
உள்ளபோஉள்ளபோஉள்ளபோஉள்ளபோ

தறி ஓட்டுகிற என் அண்ணன் கோகுல், “எழுதுததுதான் எழுதுதே, நேரா எழுதுனா என்னட்டி?” என்பான். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். அவளுக்கு ஒரே ஆசை: முன்பின் தெரியாத பிள்ளைகள் தன் பாட்டைப் படித்துச் சிரிக்க வேண்டும். வீட்டுப் பிள்ளைகள் சிரிப்பதெல்லாம் சேர்த்தியில்லையாம்.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நூலகத்தில் அவள் பாட்டுப் புத்தக வெளியீடு என்று முடிவானது. நூலகர் ரிஸானா பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்துவிட்டார். சிவகாசியில் அச்சடித்த புத்தகக் கட்டு அன்று காலையில்தான் பஸ்ஸில் வந்து இறங்கியது. பிரித்துப் பார்த்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அச்சகத்தில் எந்தப் புண்ணியவானோ எல்லா வரிகளையும் ஓரத்தில் சேர்த்து நேராக்கி, சொல் சொல்லாகப் பிரித்து, கமாவும் வைத்திருந்தான். பஸ்ஸில் ஆளுக்கு ஒரு சீட்டு கிடைத்துவிட்டது. புடலங்காய் படுத்துக் கிடந்தது.

போன் போட்டுச் சத்தம் போட்டேன். “ஃபைல் பூரா ஒரே தப்பா இருந்துச்சு மேடம். எங்க ஆளே உக்காந்து சரிபண்ணிட்டாரு” என்று பெருமையாகச் சொன்னார்கள்.

மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்கும். வா, போவோம்” என்றாள்.

நூலகத்தில் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல, “உள்ள போ, உள்ள போ” என்று ராகம் போட்டுப் படித்தார்கள். ஒழுங்காகக் கை தட்டினார்கள். ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. மதினியின் முகம் செத்துப்போனது. அந்த அச்சகத்து ஆள் கையில் கிடைத்திருந்தால் அவனை நான் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

மதினி எழுந்தாள். “மேடம், சாக்பீஸ் இருக்கா?”

வெளியே சிமெண்டு முற்றத்தில் குனிந்து எழுத ஆரம்பித்தாள். ஆடித்தபசுக்கு நம் ஊர்க்காரர்கள் கோவிலைச் சுற்றிச் சுற்றி வருவார்களே, ஆடிச்சுற்று, அந்தப் பாட்டு. வெளியே பெரிய வட்டத்தில் தொடங்கி, உள்ளே உள்ளே சுருண்டு போனது. ‘சுத்துதேன் சுத்துதேன் ஆடிச்சுத்து சுத்துதேன், தெருவும் கூட சுத்துது, கோபுரமும் சுத்துது, தலை எங்கன, கால் எங்கன…’ நட்டநடுவில் ஒரே சொல்: ‘பொத்!’

படிக்க வேண்டுமென்றால் சுற்றியே ஆக வேண்டும். ஆபிதா பானு என்ற சின்னப் பிள்ளை முதலில் இறங்கினாள். வாய்விட்டுப் படித்துக்கொண்டே சுற்றியவள், நடுவுக்கு வந்ததும் தள்ளாடி, எழுதியிருந்தபடியே பொத்தென்று உட்கார்ந்தாள். முற்றமே சிரித்தது. அப்புறம் யாரைப் பிடிக்க முடியும்! “ஏலே தள்ளாத, நான் இன்னும் கோபுரத்துக்கே வரல!” என்று ஒரே கூச்சல். நடுவில் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கிடந்தார்கள். ரிஸானா மேடமும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு சுற்று போனார்.

மதினி சாக்பீஸ் பொடிக் கையோடு சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அதில் ஒரு பிள்ளையின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது.

ஆபிதாவைக் கூட்டிப்போக வந்த அவள் அம்மா, பாவாடையெல்லாம் வெள்ளையாகக் கிடந்த மகளைப் பார்த்துப் பதறினார். “யாரு பிள்ள உன்னத் தள்ளிவிட்டது?”

தலைசுற்றல் தீராத ஆபிதா சிரித்துக்கொண்டே மதினியைக் கைகாட்டினாள். “அந்தா நிக்காங்கல்லா, அந்த அக்கா. எழுதியே தள்ளிவிட்டுட்டாங்க!”

“எங்க மதினி” என்றேன் நான், யாரும் கேட்காமலேயே.