கீழேயிருந்து விழுந்த வெளிச்சம்

அர்லீன் ஹ்ருஸ்கா நெப்ராஸ்காவில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருஷமாக வேலை பார்க்கிறாள். முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டுவிட்டு வீடு திரும்பினால், நாணயச் சங்கத்தின் இணையப் பக்கத்தைத் திறந்து உட்கார்ந்துவிடுவாள். பழைய காசுகளின் படங்களை யார் யாரோ அனுப்புவார்கள். எந்த ஊரில் அடித்தது என்று காட்டும் முத்திரை எழுத்தைப் பார்த்து, அது எந்த வகை, அசலா போலியா என்று சொல்லுவாள். "அசல்." "ஒட்டு." பதில் அவ்வளவுதான். கேட்டவனுக்குச் சுருக்கென்று இருக்கும். ஆனாலும் அவள் சொல்லிவிட்டால் சங்கத்தில் மறுபேச்சு கிடையாது. அந்தப் பெயர் அவளுக்கு உயிர்.

போன அக்டோபரில் டுவேன் போஸ்பிஷில் என்ற லாரி ஓட்டுநர் ஒரு படம் அனுப்பினார். 1916ஆம் வருஷத்துப் பத்து சென்ட் காசு, டென்வரில் அடித்ததற்கு அடையாளமாக D. அந்த வருஷம் டென்வரில் கொஞ்சமாகத்தான் அடித்தார்கள். அதனால் வேறு காசில் D ஒட்டி ஏமாற்றுகிறவர்கள் ஏராளம்.

"தானியக் கிடங்குல சில்லறையோட வந்துச்சுன்னு அப்பா சாகுற வரைக்கும் சொன்னாருங்க. அவர் விட்ட கதையில இதுவும் ஒண்ணுங்கிறாங்க எங்க அக்கா. நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

படத்தில் D மட்டுமே தெரிந்தது. அன்றைக்கு ஏற்கெனவே ஐந்து போலிகளைப் பார்த்து அர்லீன் எரிச்சலில் இருந்தாள். எழுத்து குழிக்குள் கிடப்பதாகத் தெரிந்தது. அசலில் அது மேடாக அல்லவா நிற்க வேண்டும்! குடைந்து செருகியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினாள்.

"ஒட்டு. எவனோ உங்கப்பா தலையில கட்டிட்டான். சில்லறையில வந்த காசு இல்ல."

"சரிங்க" என்று மட்டும் டுவேன் எழுதினார்.

அந்த வாரம் வியாழக்கிழமை பள்ளியில் மிளகாய்க் குழம்பும் லவங்கப்பட்டை ரொட்டியும். அடுப்படித் தோழி போனி, மாவுத் தட்டைப் போனில் படமெடுத்து நீட்டினாள்.

"என்னடி இது, ரொட்டியெல்லாம் கொப்புளமா இருக்கு?" என்றாள் அர்லீன்.

"கொப்புளமா? நீ விரலால அமுக்குன குழிடி அது. அடுப்பு வெளிச்சம் கீழேருந்து விழுது, அதான் அப்படித் தெரியுது. போனைத் தலைகீழாப் புடிச்சுப் பாரு."

பிடித்தாள். கொப்புளங்கள் குழிகளாயின. அர்லீனுக்கு டுவேனின் காசு ஞாபகம் வந்தது.

வீட்டுக்குப் போய் டுவேனின் படத்தைத் தலைகீழாகத் திருப்பினாள். D மேடாக எழுந்து நின்றது. முழுக் காசையும் பார்க்காமல் வாய் திறக்காதீர்கள் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள் அவள். வெட்கமாக இருந்தது. பேசாமல் இருந்துவிடலாமா என்றும் தோன்றியது, பொய் சொல்வானேன். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் செத்துப்போன ஒரு மனுஷனைப் பொய்யன் ஆக்கியாகிவிட்டதே.

"காசை முழுசா எடுத்து அனுப்புங்க. வெளிச்சம் மேல்பக்கத்துலேருந்து விழணும்" என்று எழுதினாள்.

"அக்கா அதைக் காருக்குள்ள சில்லறைக் குவளையில போட்டுட்டாங்க. செலவாகாம இருந்தா அனுப்புறேன்."

இரண்டு நாள் அர்லீன் சங்கத்தின் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தாள். மூன்றாம் நாள் படம் வந்தது. அந்த வருஷம் டென்வரில் நாலே நாலு அச்சுகள்தான்; ஒவ்வொன்றிலும் D கொஞ்சம் வேறு இடத்தில் இருக்கும். தன் நாணயப் புத்தகத்தில் இருந்த அந்த நாலு அச்சுகளின் படங்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாள். இரண்டாவது, மயிரிழை பிசகாமல் பொருந்தியது. எழுத்தைச் சுற்றி ஒட்டின தடமும் இல்லை.

தனியாக எழுதி முடித்திருக்கலாம். சங்கத்தில் எல்லோரும் பார்க்கிற அதே இடத்தில், தன் பழைய பதிலுக்குக் கீழேயே எழுதினாள்:

"அசல். தப்பு என்னோடது. முழுக் காசையும் பாக்காம, வெளிச்சம் எங்கேருந்து விழுதுன்னு கேக்காம சொல்லிட்டேன். உங்கப்பாவை யாரும் ஏமாத்தல, அவரும் யாரையும் ஏமாத்தல."

அவள் எழுதியதிலேயே நீளமான பதில் அதுதான். சங்கத்தில் ஒருவரும் கேலி பேசவில்லை. மறுநாள் டுவேன் எழுதினார்:

"அக்காகிட்ட நீங்க எழுதினதைக் காட்டினேங்க. மூணு தடவை படிச்சாங்க. அப்புறம், அப்பா வேற என்னெல்லாம் சொன்னாருன்னு என்கிட்ட கேட்டாங்க."