கஸ்பார் கழற்றிய மாலை

ராயபுரத்தில் கஸ்பாரைத் தெரியாதவர்களுக்குக்கூட அவர் கழுத்து மாலையைத் தெரியும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் வேலை முடிந்து வாசலைத் தாண்டினால் அவர் கால் நேராக 'நங்கூரம்' லாட்ஜ் பாருக்குத்தான் போகும். மனைவி இருதயம்மாள் எதிரே மருந்துக்கடைப் படியில் நின்று காத்திருப்பாள். பார் வாசலில் தொங்கும் பச்சைத் திரையைப் பெண்கள் தாண்டுவது வழக்கமில்லை. உள்ளே போகிற யாரிடமாவது, "எங்கூட்டு ஆள வரச் சொல்லுண்ணா" என்று சொல்லி அனுப்புவாள். அந்த அண்ணனும் உள்ளே போய் உட்கார்ந்துவிடுவார்.

பிறகு ஒரு ஆகஸ்டு மாதம், வேளாங்கண்ணி நடைபயணத்துக்கு மாலை போட்டார். மாலை கழுத்தில் இருக்கும்வரை குடியைத் தொடக்கூடாது. மாதா சன்னிதியில் கழற்றிக் காணிக்கை வைத்துவிட்டு வருவதுதான் முறை. கூடப் போனவர்கள் அப்படித்தான் கழற்றினார்கள். அவர்களில் பாதிப் பேர் திரும்பி வரும் வழியிலேயே கடை தேடினார்கள். கஸ்பார் மட்டும் கழற்றவில்லை. நீலமணி மாலையோடு வீடு வந்து சேர்ந்தார். அப்படியே பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது.

மாலை விஷயத்தில் மனிதர் படு கறார். தோஸ்து அருள்பிரகாசம் ஒருமுறை நடைபயணத்தில் கால்வலிக்கு யாரோ கொடுத்த டானிக்கைக் குடித்துவிட்டார். அதில் சாராய வாடை. "தெரியாம குட்ச்சாலும் குடி குடிதான். கழட்டு" என்று அவரைப் பாதி வழியிலேயே பஸ் ஏற்றி விட்டார் கஸ்பார். அருள்பிரகாசம் ஒரு வருஷம் பேசவே இல்லை.

இத்தனை கறாரான ஆள், மாலை போட்ட நாளிலிருந்து நங்கூரம் இருக்கும் தெருவில் மட்டும் கால் வைத்ததில்லை. கோயிலுக்குப் போவதென்றாலும் இரண்டு தெரு சுற்றித்தான் போவார். மாலையும் இருந்தது, பயமும் இருந்தது. அந்தப் பயம் அவருக்கு வெட்கமாக இருந்தது.

அதனால்தான், கல்யாண நாளுக்கு எங்கே சாப்பிடலாம் என்று மகள் ஜூடி கேட்டபோது, "நங்கூரத்துக்கே போலாம்" என்றார். இப்போது அதைப் புதுப்பித்துவிட்டார்கள். சாப்பாடுதான் முதலில், குடி அப்புறம் என்று பேர். குடும்பம் குடும்பமாக வருகிறார்களாம்.

இருதயம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னாய்யா, வம்ப வெல குட்த்து வாங்குறியா?"

"எத்தினி நாளிக்கி சுத்திக்கினே போறது? உள்ள போணும், துன்னணும், நடந்து வெளிய வரணும். அவ்ளோதான்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் போனார்கள். பச்சைத் திரை போய்க் கண்ணாடிக் கதவு வந்திருந்தது. உள்ளே சுவரின் பூச்சைச் சுரண்டிச் செங்கல் தெரியும்படி விட்டிருந்தார்கள்.

"நம்ம வூட்ல செவுரு பேந்தா கலீஜ். இங்க பேத்து வெச்சா ஷோக்கா?" என்றாள் இருதயம்மாள். ஜூடி சிரித்தாள். கஸ்பார் சிரிக்கவில்லை. வாஷ்பேசின் பக்கம் அவர் வழக்கமாக உட்காரும் மூலையில் இப்போது குழந்தைகளை உட்கார வைக்கும் உயர நாற்காலி ஒன்று நின்றது. அதை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, அதற்குப் பக்கத்து மேஜையிலேயே போய் உட்கார்ந்தார்.

மெனு அட்டையில் படத்தைப் பார்த்து மீன் வறுவலைக் காட்டினார். வந்தது கொடுவா. மேல்மாவு அப்பளம் போல நொறுங்கியது. கஸ்பார் இரண்டு துண்டு தின்றுவிட்டு, "அட்டகாசமா கீது" என்று பரிமாறிய அமானிடம் மனதாரச் சொன்னார்.

அமானுக்கு வாயெல்லாம் பல். "மாவுல தண்ணிக்குப் பதிலா பீர் ஊத்திப் பிசையறோம் சார். அதான் அந்த மொறுமொறுப்பு."

இருதயம்மாள் தன் கழுத்தையே பிடித்துக்கொண்டாள்.

"எண்ணெயில போட்டா எல்லாம் ஆவியாப் பூடும் நைனா. ஒண்ணும் இருக்காது," என்று ஜூடி அவசரமாகச் சொன்னாள்.

"அருள்பிரகாசத்துக்கு ஒரு நாயம், எனுக்கு ஒரு நாயமா?" கஸ்பார் மெதுவாக மாலையைத் தலைவழியே கழற்றினார். முத்தமிட்டார். தட்டைத் தள்ளிவிட்டு மேஜைமேல் வைத்தார். கழுத்தில் மாலை கிடந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது.

இருதயம்மாளுக்கு உயிரே போய்விட்டது. அந்த மணிகளை நம்பித்தான் அவள் இத்தனை வருஷம் நிம்மதியாகத் தூங்கினாள். இப்போது மாலையும் இல்லை, இருப்பதோ அதே இடம். எதிரே வரிசை வரிசையாகப் பாட்டில்கள். கஸ்பார் அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆசை வரவில்லை என்று சொன்னால் பொய். நாக்கின் அடியில் ஊறியது. தடுக்கக் கழுத்தில் ஒன்றும் இல்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், கொண்டு வந்து வைத்துவிடுவார்கள்.

தப்பாக ஏதோ சொல்லிவிட்டோம் என்று அமான் அங்கேயே தயங்கி நின்றிருந்தான். "சார்... குடிக்க எதுனா?"

இருதயம்மாள் மாலையை எடுத்து அவர் கையில் திணித்தாள். "போட்டுக்கய்யா. மாதா மன்னிச்சிப்பா. போட்டுக்க."

கஸ்பார் அவள் கையோடு சேர்த்து மாலையை மூடினார். அமானை நிமிர்ந்து பார்த்தார். "எலுமிச்ச சோடா. உப்பு போட்டு."

சோடா வந்தது. வெறுங்கழுத்தோடு உட்கார்ந்து, அவசரமில்லாமல், கடைசிச் சொட்டுவரை குடித்தார். இருதயம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தினி வருசமா மாலைதான் குடிக்காம இர்ந்துச்சி, இருதயம்," என்றார் கிளாஸை வைத்துவிட்டு. "இன்னிக்கிதான் நான் குடிக்கல."

அவள் அழுதாள். அழுகையோடு மூக்கைச் சிந்திக்கொண்டு மாலையைப் பைக்குள் வைத்தாள். செப்டம்பரில் மாதாவிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்றாள்.

கண்ணாடிக் கதவைத் தள்ளி வெளியே வந்தபோது நல்ல வெயில். மருந்துக்கடைப் படி அப்படியே இருந்தது. பழக்கதோஷத்தில் அவள் சுற்றுவழிப் பக்கம் திரும்பினாள். கஸ்பார் அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

"நேராவே போலாம், வா."