கன்னத்தில் குங்குமம் வைத்த கிளி

"...மலையனூரு போறவங்க வரவங்க கையில எல்லாம் வாங்கித் துன்னுது. பக்கத்து வூட்டுக்காரி நான் நீட்டுனா மட்டும் எகிறிக்கினு ஓடுது. நான் இன்னாடி பாவம் பண்ணேன்?" என்று கிளிக்கூண்டுக்கு முன்னால் நின்று கேட்டார் பக்கத்து வீட்டு அக்கா. விரலிடுக்கில் ஒரு சூரியகாந்தி விதை. முகத்தில், பந்தியில் தனக்கு மட்டும் இலை போடாமல் விட்டுவிட்ட மாதிரி ஒரு வருத்தம்.

வருத்தம் அவருக்கு, கவலை எனக்கு. பெங்களூரில் என் மகளுக்கு அடுத்த வாரம் பிரசவம். பச்சைப் பிள்ளை இருக்கும் வீட்டில் பறவை வேண்டாம் என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். நானும் என் வீட்டுக்காரரும் கிளம்பினால், கிளியைப் பார்த்துக்கொள்ள இந்த அக்காவை விட்டால் ஆளில்லை. முன்பு ஒரு கல்யாணத்துக்காக அவரிடம் விட்டுப் போனோம். நாங்கள் திரும்பும்வரை வைத்ததைத் தொடாமல் மூலையில் ஒண்டிக் கிடந்திருக்கிறது. எங்களில் ஒருவர் தங்கலாம்தான். ஆனால் முதல் பேரப்பிள்ளை. 'நீ இரேன்' என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு பேரும் கிளியைத்தான் முறைத்தோம்.

இது பச்சைக்கிளி இல்லை. என் மகள் கல்யாணத்துக்கு முன்பு பாண்டிச்சேரியில் வாங்கிய வெளிநாட்டுக் கிளி. சாம்பல் உடம்பு, மஞ்சள் முகம், தலையில் கொண்டை, இரண்டு கன்னத்திலும் வட்டமாகச் செம்மஞ்சள் பொட்டு. ஆரம்பத்தில் யார் கூப்பிட்டாலும் போகும். ஒருநாள் எங்கள் ஊர் மலைக்கோட்டையிலிருந்து இறங்கி வந்த குரங்கு ஒன்று ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டுக் கூண்டைப் பிடித்து உலுக்கியது. அன்றிலிருந்து தெரியாத கை எல்லாமே அதற்குக் குரங்குக் கைதான்.

போன வாரமே கால்நடை டாக்டரிடம் யோசனை கேட்டிருந்தேன். "புது ஆளுங்க பக்கத்துல வந்து போவட்டும். அதுக்குப் புடிச்சதக் கையில வெச்சு நீட்டட்டும். வாங்குனா வாங்கட்டும், கட்டாயப்படுத்தாதீங்க" என்றார்.

புது ஆளுக்கா பஞ்சம்? எங்கள் தையல் கடைக்கு எதிரில்தான் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ் நிற்கும். அமாவாசையன்று கூண்டை வாசலில் மாட்டி, பக்கத்தில் ஒரு கிண்ணம் விதை வைத்தேன்.

முதலில் ஒரு பெரியவர் குனிந்து பார்த்தார். "இன்னாம்மா, கிளி இப்டி வெளுத்துக் கெடக்குது? காமாலையா?"

"யோவ், கன்னத்துல குங்குமம் வெச்சிருக்குது பாருய்யா. ஆத்தாளோட கிளி" என்றார் பின்னால் நின்ற அம்மா.

அந்த அம்மா கையிலேயே ஒரு விதையைக் கொடுத்தேன். விதையைக் கம்பியருகே பிடித்துக்கொண்டு அவர் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தபடி இருந்தார். கிளி மெதுவாக வந்து கொத்தி எடுத்தது. அவ்வளவுதான்!

"வாங்கிக்கிச்சி! என் வேண்டுதல ஆத்தா வாங்கிக்கிச்சி!"

கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவருக்குப் பின்னால் வரிசை நின்றுவிட்டது. "ஐயோ, வேண்டுதல் இல்லம்மா, கிளிக்கு ட்ரெய்னிங்" என்றேன். "எவ்ளோ அடக்கமா பேசுது பாரு" என்றது வரிசை. கழுத்தில் டேப்போடு எட்டிப் பார்த்த என் வீட்டுக்காரரை ஒருத்தர் பூசாரி என்று கூப்பிட்டு, தட்டு எங்கே என்று கேட்டார். ஒருவர் நீட்டிய விதையைக் கிளி வாங்கவில்லை; அவர் கலங்கிப்போய், "பரிகாரம் இன்னா சொல்லுங்க" என்றார். "மொறைக்காம, கைய ஆட்டாம நில்லுங்க, போதும்" என்றேன். கண்ணை மூடி நின்றார் மனிதர். வந்த பஸ் போய்விட்டது, அசையவில்லை. கடைசியில் கிளி வாங்கிக்கொண்டது. பொழுது சாய்வதற்குள் கூண்டைச் சுற்றி எலுமிச்சம்பழம் குவிந்தது. கிளியோ, பாதி ஜில்லாவோடு பழகிவிட்டது.

இத்தனையையும் தன் வாசலில் நின்று பார்த்தவர் அக்கா. மறுநாள் காலையிலேயே தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டு வந்துவிட்டார். மாவு அரைத்து விற்பவர். கிரைண்டர் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி வளர்ந்த குரல். "தங்கமே! எங்கப்பனே!" என்று முகத்தைக் கம்பியில் பதித்துக் கையை உள்ளே நீட்டினார். கிளியின் கொண்டை ஈட்டி மாதிரி நிமிர்ந்தது. அந்தக் கோடிக்கு ஓடிவிட்டது. அப்போதுதான் 'நான் இன்னாடி பாவம் பண்ணேன்' என்று கேட்டார்.

"பாவமெல்லாம் இல்லக்கா. அது கொரங்கு ஞாபகத்துல பயப்படுது" என்றேன்.

"அப்போ, என்னப் பாத்தா கொரங்கு மாரி இருக்குதா?"

நான் என்ன சொன்னாலும் தப்பாகும் இடம் அது. கிளி தானாக வரட்டும் என்று கூண்டுக் கதவை மட்டும் திறந்து வைத்தேன்.

"போ, போ. எனுக்கு இன்னா, நீயும் வேணாம் உன் கிளியும் வேணாம்" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த விதையைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கூண்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கடித்து, தோலைத் துப்பி, கோபமாகத் தின்ன ஆரம்பித்தார். பேச்சே இல்லை.

கிளி தலையைச் சாய்த்து, விதை உடைபடும் சத்தத்தைக் கேட்டது. கதவு விளிம்புக்கு வந்தது. கூண்டின் மேல் ஏறியது. ஒரு தாவல், அக்காவின் தோளில் உட்கார்ந்து, அவர் விரலில் இருந்த விதையை உருவிக்கொண்டது.

அக்கா திரும்பவில்லை. மூச்சுகூட விட்டாரோ என்னவோ. தோள் அசையாமல் இடது கையை மட்டும் மெல்ல என் பக்கம் நீட்டி, விரலைத் திருகிக் காட்டி, எங்கள் வீட்டுச் சாவியைக் கேட்டார்.