பில்ஸ்னருக்கு எட்டு மார்க்

போன ஞாயிற்றுக்கிழமை பாண்டிச்சேரியில் உட்கார்ந்து பீர் குடித்தேன். பட்டப்பகலில். குடும்ப நலனுக்காக!

சிரிக்காதீர்கள். ‘சர்க்கரையைக் குறைத்தேன், சாதத்தைக் குறைத்தேன்’ என்று இதே பக்கத்தில் பீற்றிக்கொண்டவன்தானே நீ என்று கேட்பவர்களுக்கு... அவனேதான். என்ன செய்ய? தாய்மாமன் என்றொரு பதவி இருக்கிறது. அதில் இருப்பவனுக்கு டயட் எல்லாம் செல்லாது.

என் அக்கா மகள் கயல், பெரம்பலூரில் ஒரு காலேஜில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு ஆண்டிமடத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் பெயர் அருண். முந்திரித் தோப்பு வைத்திருக்கும் குடும்பம். ஜாதகம் பொருந்தியது. போட்டோ பிடித்தது. இரண்டு பேரும் போனில் பேச ஆரம்பித்தார்கள்... கயல் போனை வைத்த பிறகும் தானாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் சரி, பையனுக்கு என்ன வேலை?

பயோடெக்னாலஜி படித்துவிட்டு, பாண்டிச்சேரியில் ஒரு சின்ன ஆலையில் பீர் தயாரிக்கிறான்.

என் மச்சான் — அதாவது கயலின் அப்பா — இதைக் கேட்டதும் காபி டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

“காய்ச்சுறவனுக்கெல்லாம் பொண்ணு குடுக்க முடியாது. நாளைக்கு சொந்தக்காரன் கேட்டா என்ன சொல்றது? மாப்புள்ள ஊறல் போடுறாருன்னா?”

மச்சானைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரெட்டிபாளையம் பக்கம் சிமென்ட் ஆலையின் லேபில் இருந்து ரிடையர் ஆனவர். சோதித்துப் பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்ள மாட்டார். கண்ணில் பட்டதற்கெல்லாம் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவார். கல்யாண வீட்டு சாம்பார், பஸ் டிரைவர் பிரேக் போடும் அழகு... எதுவும் தப்பாது. ஏழு மார்க்கைத் தாண்டி யாரும் வாங்கியதில்லை. என் கல்யாண விருந்துக்கு ஆறு. இந்தப் பத்திக்கு வழக்கமாக ஐந்து.

கயல் என்னிடம் வந்தாள். சண்டை போடவில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது.

“அப்பா மனசு ஒப்பலன்னா எனக்கும் வேணாம் மாமா. ஆனா அவரு மார்க் போடட்டும். பாக்காமலே ஃபெயில் போட்டா எப்படி?”

நியாயம்தானே? மச்சானிடம் போனேன். “வேலை செய்யுற எடத்தப் பாத்துட்டு வேணாம்னு சொல்லுங்க மச்சான். சொல்றதுக்கு ஒரு காரணமாவது கிடைக்கும்” என்றேன். காரணம் கிடைக்கும் என்றதும் மனிதர் சட்டையை மாட்டிவிட்டார்.

அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். “அங்க போயி யாரும் கை நனைக்கக் கூடாது.”

உங்கள் பக்கமும் இந்த வழக்கம் இருக்கும். சம்பந்தம் முடிவாகாமல் மாப்பிள்ளை வீட்டுச் சோற்றைத் தொடக் கூடாது. தொட்டால் சம்மதம் என்று அர்த்தம். பிறகு பேச்சு மாற முடியாது. எனவே வாடகைக் காரின் டிக்கியில் புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல், ஒரு கேன் தண்ணீர் எல்லாம் ஏறின. தண்ணீர் குடிக்கலாம் என்று சொன்னேன். அக்கா நம்பவில்லை.

ஜெயங்கொண்டம் தாண்டி, ஆண்டிமடம் வந்தது. சாலையின் இருபக்கமும் முந்திரித் தோப்பு. மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

ஆலை சின்னதுதான். முன்பக்கம் மேஜை நாற்காலிகள், கண்ணாடிக்குப் பின்னால் பளபளவென்று ஸ்டீல் டேங்குகள். ரப்பர் பூட்ஸோடு அருண் ஓடி வந்தான். “வாங்க சார், வாங்க.” மச்சான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அந்த நிலைமையில் அவர் எதற்கும் நான்குக்கு மேல் போட்டதில்லை என்பது எனக்குத் தெரியும்.

உள்ளே ஒரு சின்ன லேப் இருந்தது. மைக்ராஸ்கோப், அளவுக் குழாய்கள், வரிசையாக பாட்டில்கள். மச்சான் அங்கே நின்றார்.

“ஒவ்வொரு பேட்ச்லயும் சேம்பிள் எடுத்து வைக்கிறீங்களா?”

“வைக்கிறேன் சார்.”

“பேட்ச் சரியில்லன்னா?”

“கொட்டிடுவேன் சார். போன மாசம்கூட ஒரு டேங்க் கொட்டினேன். லேசா வெண்ணெய் வாசம் வந்துடுச்சு.”

“ஓனர் ஒண்ணும் சொல்லலியா?”

“கத்துனாரு சார். ஆனா கொட்டிட்டுத்தான் அவருக்கு போனே போட்டேன்.”

மச்சானின் கைகள் முதுகிலிருந்து முன்னால் வந்தன.

அடுத்து டேஸ்டிங். அருண் இரண்டு கிளாஸில் பில்ஸ்னர் என்ற வகை பீரைக் கொண்டுவந்தான். “இதுல பழம், காபி, மசாலான்னு எதுவும் கிடையாது சார். பார்லி, ஹாப்ஸுன்னு ஒரு பூ, ஈஸ்ட், தண்ணி. அவ்வளவுதான். தப்பு பண்ணா மறைக்க எடமே இல்ல. காய்ச்சி முடிச்சாலும் வாரக்கணக்குல குளிர்ல வச்சுட்டு, பேசாம காத்திருக்கணும்.”

மச்சான் என்னைப் பார்த்தார். “டெஸ்ட் பண்றது சாப்பிடுறதுல சேராதுல்ல மாப்ள?”

“சேராது மச்சான்” என்று தீர்ப்பு சொன்னேன். தாய்மாமனுக்கு இந்த அதிகாரம்கூட இல்லையென்றால் எப்படி?

பீரைப் பற்றி நம்மூரில் கேட்கப்படும் ஒரே கேள்வி, ‘கூலிங் இருக்கா?’ அதற்கு மேல் எனக்கும் ஞானம் கிடையாது. இருந்தாலும் சொல்கிறேன். புது வைக்கோலின் நிறம். கிளாஸுக்கு அந்தப் பக்கம் மச்சானின் மீசை தெளிவாகத் தெரிந்தது. மேலே வெள்ளை வெளேரென்று நுரை. மூக்கருகே கொண்டுபோனால் அப்போது அறுத்த புல் வாசம். அதற்கடியில் பேக்கரி வாசம். வாயில் முதலில் ரொட்டியின் மெல்லிய இனிப்பு... பின்னாலேயே ஒரு கசப்பு. சுண்டைக்காய் வற்றல் கசக்குமே, அந்த மாதிரி நல்ல கசப்பு. அதுவும் தங்காமல், வாயைத் துடைத்துவிட்டுப் போய்விடுகிறது. நான் எட்டரை போட்டேன். என் மார்க்கை யார் கேட்டார்கள்?

மச்சான் உடனே குடிக்கவில்லை. வாட்சைப் பார்த்து நுரை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனித்துக்கொண்டிருந்தார். சிமென்ட் இறுகுவதற்குக் காத்திருந்த பழக்கம்! பிறகு முகர்ந்தார். ஒரு வாய். கண்ணை மூடினார். இன்னொரு வாய். அருண் ஒரு தட்டில் மிளகு போட்டு வறுத்த முந்திரியைக் கொண்டுவந்து வைத்தான். மச்சானின் கை தானாக அதற்குள் போனது. நான் பார்த்தேன். சொல்ல வேண்டியவன்தான். கிளாஸை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன்.

“எட்டு” என்றார் மச்சான்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அருணுக்கோ முகம் வாடியது. எட்டின் விலை அவனுக்கு எப்படித் தெரியும்? “மிச்சம் ரெண்டு எங்க சார் போச்சு?”

“கசப்பு கடைசியில ஒரு நூல் கம்மி.”

அருண் கிளாஸை வாங்கி, ஒரு சொட்டு நாக்கில் வைத்து யோசித்தான். “ஆமா சார். அடுத்த பேட்ச்ல பாக்குறேன்.” அவனைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது.

அந்த நேரம் பார்த்து அக்காவிடமிருந்து போன். ஸ்பீக்கரில் போட்டேன்.

“என்னடா, சாப்டீங்களா? புளிசாதம் ஊசிடப் போவுது.”

“மச்சான் முந்திரி சாப்புட்டுட்டு இருக்காருக்கா.”

“யாரு வூட்டு முந்திரி?”

அருணைப் பார்த்தேன். “எங்க தோப்புதுங்க. அம்மா வறுத்துக் குடுத்து விட்டாங்க” என்றான் அப்பாவியாக.

போனில் வந்தது பாருங்கள் ஒரு சத்தம்! “ஏ கயலு... உங்கப்பா கை நனைச்சுட்டாருடி!”

“ஏய், நாலே நாலு முந்திரிடி” என்றார் மச்சான் பலவீனமாக.

“வாயில போட்டா போட்டதுதான்!”

பின்னணியில் கயல் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். அருண் ஒன்றும் புரியாமல், “என்ன சார் ஆச்சு?” என்றான்.

மச்சான் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “சார், சார்னு எத்தன தடவ சொல்லுவீங்க? மாமான்னு கூப்புடுங்க.”

திரும்பும்போது டிக்கியைத் திறந்தால், புளிசாதத்தை டிரைவர் முடித்திருந்தார். ஆண்டிமடம் வந்ததும் மச்சான் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, தோப்புகளைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“மாப்ள... ஆண்டிமடத்துப் பையன் முந்திரி கொண்டாந்து வைக்கிறான். யாரு தோப்புதுன்னு எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சேவா சாப்டீங்க?”

“முடியாதுன்னு அவ்வளவு சத்தம் போட்டவன், சரின்னு எந்த வாயால சொல்றது?”

சம்மதம் சொல்ல நம் வீட்டு ஆண்களுக்கு வாய் ஒத்துழைப்பதில்லை. அதனால்தான் சம்மதத்தைச் சாப்பாட்டோடு சேர்த்துவைத்தார்களோ என்னவோ! மென்று விழுங்கினால் போதும், பேச வேண்டியதில்லை.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. “பீருக்கு எட்டு. சரி... முந்திரிக்கு எத்தன மார்க் மச்சான்?”

“பொண்ணையே குடுத்துட்டேன். இன்னும் மார்க் வேற கேக்குறியா?”