மடியை உதறச் சொன்ன முத்தம்மாள்

முத்தம்மாள் அக்காவுக்குச் சந்தேகம் சோறு மாதிரி. மூன்று வேளையும் வேண்டும். மரக்காணம் உப்பளத்தில் இருபது வருஷம் என்னோடு உப்பு வாரியவள். சுனாமிக்கு அடுத்த வருஷம் கூனிமேட்டு மஜீது பாய் கருவாட்டுக் கொட்டகை போட்டு எங்களைக் கூப்பிட்டபோது, முதலில் முறைத்தவளும் அவள்தான்.

"இலங்கைக்கும் நமக்கும் வியாபாரத்துல ஒப்பந்தம் போட்டுக்கிறாங்கம்மா. கருவாடு நேரா கொழும்புக்குப் போவுது. உப்பளத்துக் கூலிய விட டபுளா தர்றேன்" என்றார் பாய்.

"அவன் இன்னாத்துக்கு நம்மகிட்ட வாங்கணும்? அவனுக்குக் கடல் இல்லியா?" என்று என் காதைக் கடித்தாள் அக்கா. "சுனாமிக்கு அப்புறம் வந்தவன் எல்லாம் கைநாட்டு வாங்கினு போனான். ஒருத்தனாவது திரும்பி வந்தானா லூர்து?"

ஆய்ந்த மீனின் எடைக்குத்தான் கூலி. பாயின் தராசை நம்பாமல், ரேஷன் கடையில் நிறுத்துப் பார்த்த ஒரு செங்கல்லைத் துணியில் கட்டி எடுத்துவந்தாள். தராசில் வைத்தாள். எடை சரியாக இருந்தது. பாய் சிரித்தார்.

"கோவமே வராத வியாபாரிய எங்கனா பாத்துக்கிறியா? ஏதோ இருக்குதுடி" என்றாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

சனிக்கிழமைக் கூலி ஒரு வாரமும் தவறவில்லை. அவள் வீட்டில் ஓலை போய் ஷீட் வந்தது, ஃபேன் வந்தது. சந்தேகம் மட்டும் போகவில்லை. எங்கள் பக்கம் திரும்பியது. "போறப்ப எல்லாரும் மடிய உதறிட்டுப் போவட்டும் பாய். நாளைக்குச் சரக்கு கொறஞ்சா எங்க தலையில கட்டக் கூடாது" என்று எங்களைக் கேட்காமலே சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து சாயங்காலமானால் வாசலில் வரிசை. நாலு நாள் நான் அவளோடு பேசவில்லை.

அவள் மகள் ஷாலினிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பால் சுரக்கவில்லை, குழந்தை கத்திக் கத்தித் துவண்டது. எங்கள் பக்கம் அதற்குப் பால்சுறாக் கருவாடுதான் மருந்து. முன்பெல்லாம் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். அக்கா சந்தை முழுக்க அலைந்தாள்.

"சுறாவா? அதெல்லாம் உங்க கொட்டகைக்குதான் போவுது. கொழும்புக்காரன் தர்ற வெலய நீ தருவியா?" என்றாள் கருவாடு விற்கும் தையல்நாயகி.

மறுநாள் முழுக்க அக்கா சுறாவைத்தான் மூட்டை கட்டினாள். "பாயக் கேளுக்கா" என்றேன்.

"கேட்டா ஒண்ணுக்கு நாலா கூலியில புடிப்பான். எனக்குத் தெரியாதா?"

சாயங்காலம் வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றேன். மடி புடைத்திருந்தது எனக்கே தெரிந்தது. அவள் முறை வந்ததும் கை முந்தானையிலேயே நின்றுவிட்டது.

"நீ எதுக்கும்மா உதறணும்? இந்த ஏற்பாடே நீ சொன்னதுதானே. உன்ன நம்பாம யார நம்பறது? போம்மா" என்றார் பாய்.

ஷாலினிக்குப் பால் ஊறியது. பேத்தி வயிறு நிறைந்து தூங்கினாள். அக்கா மட்டும் சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். "பாத்துட்டான் லூர்து. பாத்துட்டுதான் வுட்டான். இல்லன்னா என்ன மட்டும் எதுக்கு நம்பணும்?"

மறுநாள், பாய் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், எல்லோர் முன்னாலும் மடியை இரண்டு தரம் உதறினாள்.