ரெட்டைப் புள்ளைக்கு அடையாளம்

"அடையாளம் கேக்குறது பொணத்துக்கு! சோறு தின்னுக்கிட்டு உக்காந்திருக்குற புள்ளைக்கு என்னாத்துக்கு அடையாளம்?"

சாம்பார் வாளிய டங்குன்னு கீழ வெச்சுட்டு, சோறு போடுற ஆயா நீலாயதாட்சி கத்துன கத்துல, மூணாங்கிளாஸ் புள்ளைவ வாயில வெச்ச சோத்த முழுங்காம முழிச்சுதுவ. கமருன்னிசா டீச்சருக்கு ஒண்ணும் வெளங்கல. காரைக்கால் டவுன்லேருந்து ஸ்கூட்டியில வந்து போற பொண்ணு, பாவம். கருக்களாச்சேரி பள்ளிக்கூடத்துக்கு வந்து ரெண்டு மாசந்தான் ஆச்சு.

"ஆயாம்மா, நான் என்ன தப்பா சொல்லிட்டேன்? பக்கத்துல உக்காந்திருக்குற புள்ளைக்குன்னு இருக்குற அடையாளம் ஒண்ணு எழுதிட்டு வாங்கன்னேன். ஒருத்தர் மாதிரி ஒருத்தர் இல்லன்னு புரியணும்ல? இந்த விஷ்ணுப்ரியா, கிருஷ்ணப்ரியா ரெண்டையும் பாருங்க. கிளாஸே ரெட்டை, ரெட்டைன்னுதான் கூப்புடுது. பேரே போச்சு."

"போனா போவட்டும்."

"டி.சி.யில கூடத்தான் அங்க அடையாளம் எழுதுறோம்."

"அத ஆபீசுல அவுங்களாப் பாத்து எழுதிக்கிறாங்க. நாங்க வாயத் தொறந்து சொல்றோமா? நாளைக்கு ஆத்தாக்காரிவ வெளக்கமாத்தோட வந்து நிப்பாளுவ. அப்பத் தெரியும் ஒங்களுக்கு."

சுனாமிக்கு அப்பறம் அந்தக் கரையில அந்த வார்த்தைய யாரும் எடுக்குறதில்ல. பொணத்த வரிசையாப் போட்டு வெச்சு, ஒவ்வொண்ணாக் காட்டி, "என்ன அடையாளம்? என்ன அடையாளம்?"னு கேட்டத மறந்தாத்தான?

நீலாவுக்கு அப்ப இருவத்தெட்டு வயசு. ஆறு வயசுல ரெட்டைப் பொண்ணுவ, தீபா, ரூபான்னு. ஒரே துணியில ரெண்டு கவுனு, ஒரே மாதிரி ஜடை. கடத்தெருவுல கூட்டிட்டுப் போனா சனம் நின்னு பாக்கும். அதுல அவளுக்கு அம்புட்டுப் பெரும. ஒருத்தியக் கூப்புட்டா ரெண்டும் ஓடியாரும். எது எதுன்னு பாக்க மாட்டா, பாதி நாளு அவளே பேர மாத்திக் கூப்புடுவா. பெத்தவளுக்குத் தெரியாதான்னு கேக்காதீங்க. தெரிஞ்சுக்கணும்னு நெனச்சாத்தான தெரியும்?

அல அடிச்ச மூணாம் நாளு ஒரு புள்ளைதான் கெடச்சுது. மொகம் ஊதிப்போச்சு. கவுனு அவ தெச்ச கவுனுதான். நோட்டு வெச்சுக்கிட்டு நின்னவரு கேட்டாரு, "எந்தப் புள்ள? அடையாளம் சொல்லும்மா." மச்சமா, தழும்பா, ஒண்ணும் வாயில வரல. பின்னால பத்துப் பேரு நின்னாங்க. "தீபா"ன்னுட்டா. மொத வாயில வந்த பேரு அது.

எழுதிக்கிட்டாங்க. குழியில போட்டு மூடிட்டாங்க. ரூபா வரவே இல்ல.

உள்ள கெடக்குறது ரூபாவா இருந்தா? அப்புடின்னா வருசா வருசம் தப்பான பேரச் சொல்லித்தான் பூ போடுறா. அவ புருசன் அமிர்தலிங்கம் குடிச்சே செத்தான். ஒரு நாளும் அவன் அதப் பத்தி வாயத் தொறந்ததில்ல. ஆஸ்பத்திரியில உசுரு போவறப்ப மட்டும் கேட்டான், "எதுடி உள்ள கெடக்குது?" அவ சொல்லல. என்னத்தச் சொல்லுவா?

அதனாலதான் பள்ளிக்கூடத்துல அந்த ரெட்டைக்குச் சோறு போடுறப்ப மொகத்தத் திருப்பிக்கிட்டே போடுவா.

மறுநா ரெண்டு ஆத்தாமாரு வந்து ஏசிட்டுத்தான் போனாளுவ. டீச்சர் மன்னிப்புக் கேட்டுச்சு. ஆனா ரெட்டைப் புள்ளைவ முந்தின நாளே எழுதி முடிச்சிருந்துச்சுவ. பள்ளிக்கூடம் விட்டப்பறம் பெருக்க வந்த நீலாகிட்ட டீச்சர் தாள நீட்டுச்சு.

"எனக்குத்தான் படிக்கத் தெரியாதுன்னு தெரியும்ல."

டீச்சரே படிச்சுது. "கிருஷ்ணப்ரியா எழுதுனது. 'விஷ்ணு தூக்கத்துல பல்ல நறநறன்னு கடிப்பா. இருட்டுலயும் அவதான்னு எனக்குத் தெரியும்.' இது விஷ்ணு எழுதுனது. 'கிருஷ்ணா பொய் சொன்னா எடது கால் கட்டவெரல மடக்குவா.' இதக் கேட்டுட்டு கிளாஸே அவ கால குனிஞ்சு பாக்குது, ஆயாம்மா! இன்னைக்குப் பூரா ஒரு புள்ளகூட ரெட்டைன்னு கூப்புடல."

நீலா வெளக்கமாத்தப் புடிச்சுக்கிட்டு நின்னா.

"தீபா மீனு கண்ண நோண்டித் தின்னுவா,"ன்னா. "ரூபா மூஞ்சச் சுளிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிருவா."

ரெண்டு தடவ பெருக்கிட்டு மறுபடி நிமுந்தா.

"அதுவளையே கேட்டிருந்தா இன்னும் எம்புட்டோ சொல்லியிருக்குங்க. நான் கேக்கல."

இத வெச்சுப் பொணத்தக் கண்டுபுடிக்க முடியுமா? முடியாது. குழியில கெடக்குறது யாருன்னு இன்னைக்கும் தெரியாது, நாளைக்கும் தெரியப் போறதில்ல. அது நீலாவுக்கும் தெரியும்.

அன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள ஷேர் ஆட்டோ ஏறி காரைக்கால் போயி, பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரு கடையில கெட்டி அட்ட போட்ட நோட்டு வாங்குனா. தண்ணி உள்ள போவாத ஒற வேணும்னு கடைக்காரன ஒரு வழி பண்ணி, அவன் எடுத்துக் குடுத்த ஒறைக்குள்ள கொழாத் தண்ணிய வுட்டு, வாய மூடித் தலகீழாத் தொங்கவுட்டுப் பாத்துட்டுத்தான் எடுத்தா.

காலையில டீச்சர் மேச மேல போட்டா.

"எழுதுங்க. இருவத்தி மூணு புள்ளைக்கும் எழுதுங்க. மச்சம் மட்டும் இல்ல, பல்லக் கடிக்கிறது, வெரல மடக்குறது, எல்லாத்தயும். மொதப் பக்கத்துல எம் புள்ளைவ."

"வேணாம்னீங்களே, ஆயாம்மா? ஆத்தாமாரு சண்டைக்கு வந்தா?"

"வரட்டும். அவளுவள நான் பாத்துக்குறேன். எழுதி, ஒறையில போட்டு, அலமாரியில மேல் தட்டுல வைங்க."

நோட்டு முப்பது ரூவா. ஒறைக்குத் தனியா பதினஞ்சு.