கயிற்றில் விட்டு வைத்த இடம்

பிள்ளைகள், போன கிழமை உங்களில் சின்னவன் கரைக்கு வந்து நின்று, "அப்பா, உங்களுக்கு முன்னாலை ஏன் ஒருத்தரும் நிக்கேல்லை? நீங்கள் பேயோடையோ வலை இழுக்கிறியள்?" என்று கேட்டான். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்தில் பிழை இருக்கும். கதையில் பிழை இல்லை.

கரைவலை இழுப்பதை நீங்கள் பிறந்ததிலிருந்து பார்க்கிறீர்கள். தோணி வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு வரும். கரையில் ஆட்கள் வரிசையாக நின்று கயிற்றை இழுக்க வேணும். ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு துண்டுக் கயிறு. அதைப் பெரிய கயிற்றில் கொளுவிக்கொண்டு பின்பக்கமாக நடக்கிறோம். இழுத்தவனுக்கு மீனில் பங்கு, இழுக்காதவனுக்கு இல்லை. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி நினைத்தாலும் அதை மாற்ற ஏலாது.

நான் இளந்தாரியாக இருந்தபோது, எங்கள் கரையிலிருந்து முதன்முதலாகக் கம்பஸுக்கு, பல்கலைக்கழகத்துக்கு, எடுபட்டவன் என் தம்பி, உங்கள் சித்தப்பா. வீட்டில் அவனை அனுப்ப வசதி இல்லை. ஊர் கூடிக் கதைத்தது. ஒரு பங்கு கொடுக்க எல்லோருக்கும் மனம் இருந்தது. ஆனால் கயிற்றில் நிற்காதவனுக்கு எப்படிக் கொடுப்பது? அப்போதிருந்த சம்மாட்டி வழி சொன்னார்.

"அவன்ரை இடத்தை விட்டு வைப்பம். இடம் நிண்டால் பங்கு நிக்கும். ஆள் வரப் பிந்துது, அவ்வளவுதான்."

அப்படியே செய்தோம். எனக்கு முன்னால் ஓர் ஆள் நிற்கிற அளவு வெளி விட்டு இழுத்தோம். அவனுடைய துண்டுக் கயிற்றை வாடிக்குள், வலை வைக்கிற அந்தக் கொட்டிலுக்குள், ஓர் ஆணியில் தொங்கவிட்டோம். படித்து முடித்து வந்து, தானே அதை எடுத்து ஒரு நாள் இழுத்தால் இடம் மூடப்படும். அதுதான் பேச்சு.

அதற்குப் பிறகு எங்கள் கரைக்கு ஒரு பேர் வந்துவிட்டது. இங்கே வீடு இருந்தால் பிள்ளை படிக்கலாம் என்று வெருகல் பக்கத்திலிருந்தும் குடும்பங்கள் வந்து கொட்டில் போட்டன. பின்னேரம் வளவுக்கு வளவு பிள்ளைகள் பாடம் சொல்லுகிற சத்தம் கேட்கும். ஒவ்வொருவராக எடுபட்டார்கள். ஒவ்வொருவருக்கும் கயிற்றில் ஓர் இடம் விட்டோம், வாடியில் ஓர் ஆணியில் துண்டுக் கயிறு தொங்கவிட்டோம். மூதூரில் லோஞ்சுப் படகு ஏறித் திருகோணமலைக்குப் போய், அங்கிருந்து ரயிலில் போனார்கள். ஊர் முழுக்க இறங்குதுறை வரை போய்க் கைகாட்டியது. ஒருவரும் திரும்பி வந்து ஆணியில் கை வைக்கவில்லை. உத்தியோகம், கலியாணம், கொழும்பு. பங்கு வேண்டாம் என்று சொல்லியும் அனுப்பினார்கள். இடத்தை மட்டும் நாங்கள் மூடவில்லை. மூடினால் அவர்கள் வரத் தேவையில்லை என்று நாங்களே சொன்னது போலாகிவிடும் அல்லவா?

இனிச் சொல்லப் போவதைக் கவனமாகக் கேளுங்கள். இழுத்து மூச்சு விடுகிற நேரத்தில் ஆள் இல்லாத இடத்தில் கயிறு தொய்ந்து மணலைத் தொட வேணும். எனக்கு முன்னால் அது தொடவில்லை. இடுப்பளவு உயரத்தில் அப்படியே நின்றது. முதலில் காற்று என்று நினைத்தேன். உச்சி வெயில், ஒரு காற்றும் இல்லை. எனக்குப் பின்னால் நின்றவர் பகிடியாக, "உன்ரை தம்பி நல்லாத்தான் இழுக்கிறான் மச்சான், நீதான் ஏய்க்கிறாய்" என்பார். பிறகு பிறகு அவரும் பகிடி விடுவதை நிறுத்திவிட்டார். வலை இழுக்கிற பாட்டான அம்பா பாடும்போது ஒருவர் முன்பாட்டுச் சொல்ல மற்றவர்கள் பின்பாட்டுச் சொல்லுவோம். நாங்கள் குறையக் குறையப் பின்பாட்டு குறையவில்லை. வலை ஏறிய பிறகு வாடிக்குள் போனால், தொங்குகிற துண்டுக் கயிறுகளில் உப்புத்தண்ணீர் சொட்டும்.

தம்பி ஒரே ஒரு தடவை வந்தான். சப்பாத்தும் காற்சட்டையுமாகக் கரைக்கு வந்தான். நாங்கள் இழுத்துக்கொண்டிருந்தோம்.

"வாடா, ஒருக்கால் பிடி. உன்ரை இடம் கிடக்கு" என்றேன்.

கிட்ட வந்தான். பிறகு நின்றுவிட்டான். எனக்கு முன்னால் விட்டிருந்த வெளியைப் பார்த்து முகம் வெளிறிப் போனான்.

"அண்ணை, அங்கை ஆள் நிக்குது."

"ஆர்?"

அவன் திரும்பி நடந்தான். அடுத்த லோஞ்சில் போனவன்தான்.

உங்கள் அக்கா எடுபட்டபோது எனக்குச் சந்தோசத்தை விடப் பயம்தான் கூட. அனுப்பாமல் விடவும் ஏலாது. அனுப்பினால், தம்பியைப் போல அவளும் தன்னில் ஒன்றை இங்கே விட்டுவிட்டுப் போய், திரும்பி வர இடமில்லாதவளாகிவிடுவாளோ என்று பயந்தேன். அவளைக் கூட்டிக்கொண்டு சம்மாட்டியிடம் போனேன். இவர் பழையவரின் மகன்.

"பெம்பிளைப் பிள்ளைக்குக் கயிற்றிலை புது இடம் விட ஏலாது. வழக்கமில்லை" என்றார்.

"புது இடம் வேண்டாம், மாமா. சித்தப்பாவின்ரை இடம் சும்மாதானே கிடக்கு" என்றாள் அவள்.

வலையைப் பரப்பிப் பின்னிக்கொண்டிருந்த ஒரு கிழவர், "சும்மா கிடக்கெண்டு உனக்கு ஆர் பிள்ளை சொன்னது?" என்று கேட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை.

அவள் வாடிக்குள் போய் சித்தப்பாவின் துண்டுக் கயிற்றை ஆணியிலிருந்து எடுத்தாள். பாவாடைக்கு மேலால் இறுக்கிக் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் வந்து கொளுவினாள். அந்த நிமிடம் கயிறு ஒரு குலுக்குக் குலுக்கிப் பாரமானது. யாரோ கையை விட்டது போல. நாங்கள் எல்லோரும் ஓரடி முன்னால் இழுபட்டோம். அவள் குதிக்காலை மணலில் ஊன்றி நின்றாள். வலை கரை ஏறும்வரைக்கும் விடவில்லை. அவளுக்குப் பங்கு எழுதினார்கள்.

போகிற அன்று நான் துண்டுக் கயிற்றை ஆணியில் கொளுவப் போனேன். அவள் வாங்கிச் சூட்கேசுக்குள் வைத்தாள். "இதை இங்கை தொங்கவிடாதைங்கோ அப்பா. நான் கொண்டு போறன், கொண்டு வாறன்."

அவள் போன மறுநாள் எனக்கு முன்னால் கயிறு தொய்ந்து மணலில் விழுந்தது. மற்றவர்கள் முன்னால் கண் கலங்காமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வெறும் இடம், உண்மையாகவே வெறும் இடம். அவள் முழுசாகப் போயிருக்கிறாள். முழுசாகத் திரும்பி வரலாம். அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் கயிறு மணலைத் தொடுகிறதா என்று பார்த்துத்தான் நான் மூச்சு விடுவேன்.

போன லீவுக்கு அவள் வரவில்லை. படிக்க நிறைய இருக்கு, அங்கேயே நிற்கிறேன் என்று எழுதியிருந்தாள். நல்ல பிள்ளை, பொய் சொல்ல மாட்டாள்.

சின்னவன் வந்து பேயைப் பற்றிக் கேட்டான் அல்லவா? அன்றைக்குக் கயிறு மணலைத் தொடவில்லை. இடுப்பளவு உயரத்தில் நின்றது. இல்லை, அவளுடைய இடுப்பளவு, கொஞ்சம் தாழ்வாக. வலை ஏறியதும் வாடிக்குள் போய்ப் பார்த்தேன். ஆணி வெறுமையாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே மணல் ஈரம்.

நீங்கள் என்னை விட வடிவாக எழுதுவீர்கள். இன்றைக்கே அக்காவுக்கு எழுதுங்கள். இந்த லீவுக்குக் கட்டாயம் வரச் சொல்லுங்கள். பயப்படுத்த வேண்டாம். அம்மா தேடுகிறா என்று மட்டும் எழுதினால் போதும். அந்தத் துண்டுக் கயிற்றை மறக்காமல் கொண்டு வரச் சொல்லுங்கள்.